ஹலுஷ்கியா, ஹலுப்கியா?

1

இது கதையாகப் பிறந்திருக்கவே வேண்டாம். லொரெட்டா என்னிடம் கேட்டது இரண்டு நிமிட மேடைப்பேச்சு, அதுவும் ஆங்கிலத்தில். "எங்க அண்ணனுக்காக நீ பேசணும் வாடி. நீதான் எழுதுறவ" என்றாள். சரியென்று தலையாட்டிவிட்டு எழுத உட்கார்ந்தேன். பேச்சு வரவில்லை. வந்தது இதுதான், தமிழில், இந்த நீளத்துக்கு.

(என் பெயர் வடிவு. இந்த அமெரிக்க ஊர் நாக்கில் அது நிற்காது. "வாடி" என்றுதான் வரும். பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்வது என் வேலை; ஊர்வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பு ஓடுகிறது. ஆக, என்னிடம் வாய் திறக்கிற அத்தனை பேரும் என்னை "வாடி" என்கிறார்கள். வந்த புதிதில் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். இப்போது யாராவது "வடிவு" என்றால்தான் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தோன்றுகிறது.)

விஷயம் இது. ஹாலர்ஸ் பெண்ட்டில் தீயணைப்பு நிலையத்துச் சுவர் ஒன்று பாலத்தைப் பார்த்து நிற்கிறது. ஊருக்குள் வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். அதில் ஒரு முகம் வரையப்போகிறார்கள். ஒன்றே ஒன்று. இந்த ஊர்ப் பள்ளிக்கூட அணி பெற்ற குவார்ட்டர்பேக்குகளில் (அது என்னவென்று பிறகு சொல்கிறேன்) எக்காலத்துக்கும் பெரியவன் எவனோ, அவன் முகம். போட்டியில் இரண்டு பேர். ஒருவர் எடி வால்கோ, லொரெட்டாவின் அண்ணன், கூரை வேலை செய்கிறவர். இன்னொருவர் மார்கஸ் டோலிவர், எடிக்குப் பதினேழு வருடம் பின்னால் வந்தவர், இப்போது டெக்சாஸில் இருக்கிறார். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தேவாலயத்து அடித்தளக் கூடத்தில் ஓட்டு.

இன்று வியாழக்கிழமை. நான் இருப்பது அந்த அடித்தளக் கூடத்தில். கையெல்லாம் மாவு.

2

தொடக்கங்கள் சிலவற்றை முயன்று பார்த்தேன். கிழிக்க மனம் வரவில்லை.

முதல் தொடக்கம்: எடி வால்கோவை அடக்கம் செய்த அன்று ஹாலர்ஸ் பெண்ட்டில் ஒரு கடையும் திறக்கவில்லை.

பயந்துவிட்டீர்களா? எடி எனக்குப் பத்தடி தள்ளி அடுப்படியில் கல்லுக்குண்டு மாதிரி நின்றுகொண்டிருக்கிறார். இந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்குகள் செய்கிற குறும்பு இது. பந்தை எடுக்கப்போவது போல ஒரு பொய்க் குரல் கொடுப்பார்கள். எதிரணியில் அவசரக்காரன் எவனாவது முந்திப் பாய்ந்தால் அவனுக்கு அபராதம். நீங்கள் பாய்ந்தீர்கள். ஐந்து கெஜம் பின்னால் போங்கள்.

இரண்டாம் தொடக்கம்: குவார்ட்டர்பேக் என்பவன்

இதைத் தமிழாக்கலாம் என்று நினைத்ததுதான் தப்பு. கால்பந்து என்று எழுதினால் உங்களுக்கு வேறு ஆட்டம் ஞாபகம் வரும். இந்தக் கால்பந்தில் காலுக்கு அனேகமாக வேலையே கிடையாது. குவார்ட்டர்பேக்கில் ஒரு கால் இருக்கிறது, ஆனால் அது கணக்கில் வருகிற கால். "கால்பின்னன்" என்று எழுதிப் பார்த்தேன். முடி பின்னுகிறவன் மாதிரி இருந்தது. குவார்ட்டர்பேக் குவார்ட்டர்பேக்காகவே இருக்கட்டும். பந்து முதலில் அவன் கைக்கு வரும். மற்றவர்கள் ஓடுவார்கள், இடிப்பார்கள், விழுவார்கள். அவன் பார்ப்பான். பார்த்து, எவனுக்குப் போடுவது என்று முடிவு செய்து, தன்மேல் ஒரு மலை வந்து விழுவதற்குள் போட்டுவிட வேண்டும். அவ்வளவு தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும்.

மூன்றாம் தொடக்கம்: மொனாங்கஹேலா ஆற்றின் மேல் மூடுபனி

[ஆற்றில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை. விட்டாயிற்று.]

3

ஆகவே வாக்குவாதத்திலிருந்தே தொடங்கிவிடுகிறேன். அது எப்போதும் நடந்துகொண்டிருப்பதால் எங்கே நுழைந்தாலும் சரிதான்.

வியாழக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. தேவாலயத்துச் சமையலறையில் பீரோகி பிடிக்க வருகிறேன். நான் அந்தக் கோவிலைச் சேர்ந்தவள் இல்லை. ஆனால் கொழுக்கட்டை பிடித்த கை இது. ஓரம் மடிப்பதை ஒருமுறை பார்த்ததும் என்னை விடமாட்டேன் என்றுவிட்டார்கள். எடி அடுப்பில். லொரெட்டா சாப்பாட்டு ஜன்னலில். அவள் கணவர் ஜீன் டிபாவ்லோ தட்டு எடுத்துக்கொண்டு மேசைகளுக்கு ஓடுகிறவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் என்பதால் நடுப்பகலில் சும்மா இருப்பார். எதிர்க்கட்சி ஒருவர்தான்: டெரெல் ஹென்லி, முடிதிருத்தும் கடைக்காரர். ஜன்னலுக்கு நேர் எதிர் மேசையில் உட்கார்ந்து, வாயில் பீரோகி இருக்கும்போதே பேசுவார்.

"கணக்குப் பேசட்டும்மா. மார்கஸ் போட்ட பந்து எத்தனை, ஜெயிச்ச ஆட்டம் எத்தனை? உங்க அண்ணன் அதுல பாதி வருவாரா?"

"கணக்குதான் பேசும்னா சுவத்துல ஆடிட்டர் படத்தை வரைங்க" என்றாள் லொரெட்டா. "மார்கஸ் காலத்துல குவார்ட்டர்பேக்கை உரசினாலே விசில் ஊதுவான். எங்க அண்ணன் காலத்துல இடிச்சுத் தள்ளினா விசில் வெச்சிருக்கிறவனே கை தட்டுவான்."

"இடி வாங்கறதுதான் பெருமைன்னா என் கடை வாசல் கம்பத்தை வரையலாம். வாராவாரம் எவனாவது ரிவர்ஸ்ல வந்து இடிக்கிறான், அது பாட்டுக்கு நிக்குது."

ஜீன் கையில் தட்டோடு நின்றுவிட்டார். "போடறவன் போடறவன்னு பேசறீங்களே, பிடிக்கிறவன் இல்லாம போடறவன் ஏதுய்யா?"

"ஆங்! அதைச் சொல்லு." டெரெல் முள்கரண்டியைத் தூக்கினார். "எடியோட ஆட்டத்துலயே பெரிய வீச்சு எது? எண்பத்திரண்டு ஃபைனல், கடைசி வீச்சு. அதுல அவருக்குக் கை உறைஞ்சுபோச்சு. ஊரே பாத்துது. பந்தைத் தூக்கினாரு, அப்படியே நின்னாரு, இடி வாங்கினாரு, பந்து கோணலா மேல போச்சு. நீ தாவிப் பிடிச்சுக் காப்பாத்தினே. காப்பாத்தப்பட்டவன் மூஞ்சிய சுவத்துல ஏன்ப்பா வரையணும்?"

ஜீனுக்கு முகமெல்லாம் பல். அந்தப் பற்களை நான் நன்றாக அறிவேன். வருடம் இரண்டு முறை சுத்தம் செய்கிறேன். "என் மச்சானை ஒண்ணும் சொல்லாதே" என்றார், ஆனால் குரலில் மறுப்பே இல்லை. "மனுசன்னா ஒரு நொடி உறையத்தான் செய்வான்."

"அந்த ஒரு நொடி ஏன் நின்னாருன்னு யாராவது எனக்குச் சொல்லட்டும்" என்றார் டெரெல். "என் ஓட்டு மட்டுமில்ல, என் கடை நாற்காலில உக்கார்ற அத்தனை தலையோட ஓட்டும் எடிக்குத்தான்."

எல்லாரும் எடியைப் பார்த்தார்கள். எடி பெரிய கரண்டியால் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"தட்டு ஆறுது ஜீன்" என்றார்.

4

டெரெல்மேல் எனக்குச் சந்தேகம். மனிதர்மேல் அல்ல, பாத்திரத்தின்மேல். கதைக்கு ஒரு எதிராளி தேவை என்பதற்காக அவரை நான் கொஞ்சம் சத்தமாக எழுதிவிட்டேன். நிஜ டெரெல் மென்மையானவர். கத்தரியைக் கீழே வைத்த பிறகுதான் வாதம் செய்வார். மார்கஸ் டோலிவருக்கு முதல் முடி வெட்டியவர் என்பதால் பாசம். அதைத் தவிர அவரிடம் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

எடியையும் சந்தேகிக்கிறேன். எழுதுகிறவளுக்கு எடி மாதிரி ஆள் ஒரு தலைவலி. பேச மாட்டார். ஆசை இருக்கிறதா இல்லையா என்று முகத்தில் தேடினால் முட்டைக்கோஸ் ஆவிதான் தெரிகிறது. லொரெட்டாவிடம் கேட்டேன்: "உங்க அண்ணனுக்கு உண்மையிலேயே அந்தச் சுவர் வேணுமா? இல்ல, உனக்குத்தான் வேணுமா?"

"கேட்டா வேணாம்பான். போன மாசம் ஏணியைத் தூக்கிட்டுப் போய் அந்தச் சுவத்தைக் கழுவினான், தெரியுமா உனக்கு? விரிசல் எல்லாத்தையும் பூசி அடைச்சான். யாரும் கூப்பிடலை. ஏன்டான்னு கேட்டா, யார் மூஞ்சி வந்தாலும் மூக்குல விரிசல் இருக்கக் கூடாதுல்லங்கறான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் நறுக்குகிற இடம் அது. எதற்குத் துடைத்தாள் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் தெளிவாயிற்று. அவருக்கு அந்தச் சுவர் வேண்டும். மிகவும் வேண்டும்.

5

அந்த ஃபைனலை நான் பார்க்கவில்லை. அப்போது நான் திண்டுக்கல்லில் பாவாடை சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் ஜீன் சொல்லி நூறு தடவையாவது கேட்டிருப்பேன். நன்றி நவிலும் நாள் விருந்தில் வான்கோழியை வெட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லாவிட்டால் அவருக்குக் கத்தி ஓடாது.

பனி கொட்டுகிறது. ஆற்றுக்கு அக்கரைப் பள்ளியோடு ஆட்டம். நம்மவர்கள் நாலு புள்ளி பின்னால். கடைசி வாய்ப்பு, எல்லைக் கோட்டுக்குப் பத்தடி முன்னால். எடி எதிரணி நிற்கிற விதத்தைப் பார்க்கிறான்*. பார்த்து, முதலில் பேசி வைத்ததை மாற்றி, ஜீனுக்கு மட்டும் கேட்கும்படி ஒரு சொல்லைக் கத்துகிறான். ஜீன் கோட்டைத் தாண்டி மூலைக்குப் பறக்கிறான். "அங்க போய் நிக்கிறேன், பந்து வரலை! திரும்பிப் பாத்தா என் மச்சான் பந்தைத் தூக்கிட்டு எங்கேயோ வெறிச்சுப் பாத்துட்டு நிக்கிறான்! இடி விழுது. பந்து கோணலா, உசரமா வருது. என் பக்கத்துல ஒரு தடியன். அவன் தலைக்கு மேல தாவினேன்."

பிடித்தார். விழுந்தார். விடவில்லை. ஊர் ஜெயித்தது.

* அப்போது எடிக்குப் பதினெட்டு வயது. ஆகவே இந்தப் பத்தியில் மட்டும் "பார்க்கிறான்". அடுப்புக்குத் திரும்பும்போது "பார்க்கிறார்" ஆகிவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. ஜீன் இதைச் சொல்வதில்லை. பெரிய கல்லூரி ஒன்றிலிருந்து, தங்கள் அணிக்கு எடுக்கலாமா என்று எடியைப் பார்க்கவே ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தாராம். "நெருக்கடியில் உறைகிற பையன்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாராம். அடுத்த கோடையில் எடி சித்தப்பாவோடு கூரை ஏறினார். இறங்கவே இல்லை. அதே கோடையில்தான் ஜீனுக்கும் லொரெட்டாவுக்கும் நிச்சயமாயிற்று.

6

இப்போது கதை திரும்புகிற இடம். இதை எழுத மூன்று விதம் யோசித்தேன். கடைசியில் நடந்தபடியே எழுதுகிறேன்.

எடி சுவரைக் கழுவப் போனார் என்றாளே லொரெட்டா, அதுவும் ஒரு வியாழக்கிழமை. அன்று அடுப்பில் நான் நின்றேன்.

அந்த அடுப்பில் இரண்டு பெரிய பாத்திரம். ஒன்றில் ஹலுஷ்கி: நறுக்கிய முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கியது. இன்னொன்றில் ஹலுப்கி: முட்டைக்கோஸ் இலையில் கறியும் சோறும் வைத்து உருட்டியது. லொரெட்டா ஜன்னலிலிருந்து கேட்பதை அடுப்பில் நிற்பவர் உரக்கச் சொல்லித் தட்டில் போட்டு வரிசையாக வைக்க வேண்டும். ஓடுகிறவர் எடுத்துப் போவார். எடி எல்லாருக்கும் வாயால் சொல்வார். ஜீனுக்கு மட்டும் சொல்ல மாட்டார். கரண்டியால் பாத்திர விளிம்பில் தட்டுவார். நறுக்கினதற்கு ஒரு தரம், உருட்டினதற்கு இரண்டு தரம். மச்சான்களுக்குள் ஏதோ பழைய விளையாட்டு என்று நான் நினைத்திருந்தேன்.

எனக்குத் தட்டத் தோன்றவில்லை. "ஹலுஷ்கி நாலு!" என்று கத்தினேன்.

ஜீன் ஹலுப்கி நாலை எடுத்துக்கொண்டு ஓடினார்.

மேசையிலிருந்து சத்தம் வந்தது. திரும்பி வந்தார். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் உருட்டினதையே எடுத்தார். காது மந்தமா? இல்லவே இல்லை, வாசலில் யாராவது "ஐஸ்க்ரீம்" என்று முணுமுணுத்தால் இவர் திரும்புவார்.

"ஜீன், ஹலுஷ்கின்னா எது?"

"இதோ, உருட்டினது."

"அப்ப ஹலுப்கி?"

"நூடுல்ஸ் போட்டது. என்ன வாடி, இத்தனை வருசமா இங்க இருக்கே, இதுகூடத் தெரியாதா?" என்றார், பரிதாபமாக என்னைப் பார்த்து.

சிரிப்பு வந்தது. டிபாவ்லோ குடும்பம் இத்தாலியக் குடும்பம்; இவை இரண்டும் ஸ்லோவாக் வீட்டுச் சாப்பாடு. அவர் வீட்டில் இந்த இரண்டையும் கண்ணில் பார்த்திருக்க மாட்டார். என் நாத்தனார் வீட்டுக்கு வந்த வடநாட்டு மாப்பிள்ளை இன்றுவரை ஆப்பத்தை இடியாப்பம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். யாரும் திருத்துவதில்லை, அவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்.

சிரித்துக்கொண்டே, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்: "அந்த ஃபைனல்ல எடி உங்களைப் பார்த்து ஒரு சொல்லைக் கத்தினாரே, அது என்ன சொல்?"

"அதுவா? அன்னிக்குக் காலைல பஸ்ஸுல வெச்சுத்தான் சொன்னான். பழைய சைகை எல்லாம் அக்கரைப் பசங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு மச்சான், இன்னிக்கு சாப்பாட்டுப் பேரு. நறுக்கினது பேரைச் சொன்னா கோட்டைத் தாண்டி ரெண்டே எட்டுல நின்னு திரும்பு. உருட்டினது பேரைச் சொன்னா மூலைக்கு ஓடு. அவ்வளவு சத்தத்துலயும் தெளிவா கேட்டேன் வாடி. ஹலுஷ்கி! அப்படின்னு கத்தினான். உருட்டினது. மூலைக்கு ஓடினேன்."

நான் என் முன்னால் இருந்த பாத்திரத்தைப் பார்த்தேன். நறுக்கின முட்டைக்கோஸ். நூடுல்ஸ். ஹலுஷ்கி.

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. யாராவது பார்த்திருந்தால் உறைந்துபோனேன் என்று சொல்லியிருப்பார்கள்.

7

எடியைப் பிடிக்க வெளியே போனேன். அப்போதுதான் சுவர் வேலையிலிருந்து திரும்பியவர், தெருவில் தன் வண்டிக்காக இடம் பிடித்து வைத்திருந்த பழைய மடக்கு நாற்காலியைத் தூக்கி வண்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் அந்த நாற்காலியை வேறு யாரும் தொட மாட்டார்கள். கை முழுக்கச் சுண்ணாம்பு.

"நீங்க உறையலை" என்றேன்.

அவர் நாற்காலியை வண்டிக்குள் இன்னும் உள்ளே தள்ளினார்.

"நீங்க கிட்ட வரச் சொன்னீங்க. பந்தைத் தூக்கிப் பாத்தா அங்க ஜீன் இல்ல. எங்க போய்த் தொலைஞ்சார்னு தேடினீங்க. அதுதான் அந்த ஒரு நொடி."

"ஜீன் சொன்னானா?" குரலில் அவசரம் தெரிந்தது. அவரிடம் நான் கேட்ட முதல் அவசரம்.

"அவருக்குத் தெரியாது. பாத்திரம் சொல்லிச்சு."

எடி வண்டியில் சாய்ந்து நின்றார். பிறகு சிரித்தார், தோள் குலுங்க. "மூலைல ஒரு தடியன் காவலுக்கு நிக்கிறான்னுதான் கிட்ட வரச் சொன்னேன். அந்தப் பயல் நேரா அந்தத் தடியன் மடியிலயே போய் நிக்கிறான்! நான் சொன்ன இடத்துல நின்னிருந்தா பந்தைக் கைல கொடுத்துட்டே வந்திருப்பேன்."

"அப்ப அங்க ஏன் போட்டீங்க?"

"வேற எங்க போடறது? அவன் அங்கதானே இருக்கான்?" சுண்ணாம்புக் கையைப் பேன்ட்டில் துடைத்தார். "தப்பாத்தான் ஓடினான். ஆனா முழுசா ஓடினான் வாடி. அப்படி ஓடுறவனுக்குப் பந்து போய்ச் சேரணும்ல?"

எக்காலத்துக்கும் பெரியவன் யார் என்று இந்த ஊர் கணக்குப் போட்டும் இடியை எண்ணியும் தேடிக்கொண்டிருக்கிறது. பதில் இங்கே சுண்ணாம்போடு நிற்கிறது. தன் ஆள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போடுவது எல்லாருக்கும் முடியும். தப்பான இடத்தில் இருக்கிறவனைத் தேடிக் கண்டுபிடித்து, இடி விழுவது தெரிந்தும் நின்று, அவனுக்குப் போட்டுவிட்டு, பிறகு நாற்பது வருடம் வாயைத் திறக்காமல் இருக்க யாருக்கு முடியும்?

"அந்தக் கல்லூரி ஆள்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி? ஊருல முதல் தடவையா ஒருத்தன் லொரெட்டாவைக் கேட்டு எங்க வீட்டு வாசல்ல நெஞ்சை நிமித்திட்டு வந்து நிக்கிறான். அந்தப் பிடி இல்லேன்னா அவனுக்கு எங்கப்பாகிட்டப் பேச வாயே வந்திருக்காது. நான் போய் 'அது உன் தப்பு'ன்னு சொல்றதா? அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல நான் யார் மூஞ்சியைப் பாத்து உப்பைக் கேக்கறது?"

"டெரெலுக்குச் சொன்னா சுவர் உங்களுக்கு."

"தெரியும்." வண்டிமேல் தளர்ந்திருந்த ஏணியை இழுத்துக் கட்டினார். முடிச்சைத் தேவைக்கு மேல் இறுக்கினார். "நல்லா பூசியிருக்கேன் அந்தச் சுவத்தை" என்றார்.

8

ஆக, இப்போது என்னிடம் இருப்பது ஒரு உண்மை. அதைச் சொன்னால் எடிக்குச் சுவர், ஜீனுக்கு ஒன்றும் இல்லை. சொல்லாவிட்டால் ஜீனுக்கு அந்தப் பிடி, எடிக்கு நன்றாகப் பூசிய இன்னொருவர் சுவர்.

முடிவு ஒன்று: நான் எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். கூடமே எழுந்து நிற்கிறது. டெரெல் அழுகிறார். ஜீன் தட்டைக் கீழே வைத்துவிட்டு

[இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. அந்தத் தட்டை அவர் எங்கே வைப்பார் என்றுகூட யோசிக்கப் பிடிக்கவில்லை.]

முடிவு இரண்டு: நான் பேசாமல் இருக்கிறேன். மார்கஸ் டோலிவர் முகம் பாலத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. அவரும் தங்கமான மனிதர்தான், அந்தச் சிரிப்பும் அழகுதான். ஆனால் ஒவ்வொரு முறை பாலம் ஏறும்போதும் எனக்கு வயிறு எரியும்.

முடிவு மூன்று: லொரெட்டா சொல்கிறாள். இதை எழுதும்போதுதான் உறைத்தது. ஸ்லோவாக் வீட்டுப் பெண், இந்தச் சமையலறையில் ராணி. தன் வீட்டில் மட்டும் ஹலுஷ்கியும் சமைத்ததில்லை, ஹலுப்கியும் சமைத்ததில்லை. கேட்டால் "மாமியார் உத்தரவு, பாஸ்தா மட்டும்" என்பாள். மாமியார் போய்ப் பத்து வருடமாகிறது. இரண்டில் ஒன்றை ஒருநாள் சமைத்து மேசையில் வைத்திருந்தால்கூட ஜீனுக்குப் பெயர் தெரிந்துபோயிருக்கும். அவளுக்குத் தெரியுமோ? தெரிந்துதான் பேசுகிற வேலையை என் தலையில் கட்டினாளோ? கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. கேட்டால் அவள் வெங்காயம் நறுக்கப் போய்விடுவாள்.

இன்று காலை எடியிடம் போய் இதைக் கதையாக எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எந்த பாஷைல?"

"என் பாஷைல. தமிழ்ல."

"இந்த ஊருல யாரு படிப்பா?"

"ஒருத்தரும் படிக்க மாட்டாங்க."

"அங்க எத்தனை பேரு இருக்கீங்க?"

"எட்டுக் கோடி."

(அதில் கதை படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்ற உண்மையை அவரிடம் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் எதற்கு?)

கிளறுவதை நிறுத்திவிட்டார். "எட்டுக் கோடி" என்று ஒருமுறை தனக்கே சொல்லிப் பார்த்தார். "எட்டுக் கோடிப் பேருக்குத் தெரியும், நான் உறையலைன்னு. ஜீனுக்குத் தெரியாது."

"ஆமா."

முகத்தில் முட்டைக்கோஸ் ஆவியையும் மீறி ஒன்று தெரிந்தது. நாற்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பதினெட்டு வயசுப் பையன் இப்படித்தான் சிரித்திருப்பான். "அது பெரிய சுவருதான்" என்றார். "எழுது."

எழுதிவிட்டேன். ஆக, ஒரு சுவர் நீங்கள். உங்கள்மேல் எடி வால்கோ முகம் வரைந்தாயிற்று. அழிக்காதீர்கள். பாலத்தைப் பார்த்து நிற்கிற இன்னொரு சுவருக்கு இன்னும் அரை மணியில் ஓட்டு. லொரெட்டா மூன்று தடவை என் பக்கம் பார்த்துவிட்டாள். நான் எழுந்து என்ன பேசலாம்? மூன்று முடிவு வைத்திருக்கிறேன், நான்காவது உங்களிடம் இருந்தால் அதையும் சேர்த்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை. நேர்மையாகச் சொல்கிறேன், கை உறைந்துபோய்

ஐயோ. ஜீன் வருகிறார். கையில் போன். எழுத்தின் மேல் காட்டினால் எந்த மொழியையும் மாற்றிச் சொல்கிற வித்தை ஒன்றைப் பேத்தி அதில் போட்டுக்கொடுத்திருக்கிறாளாம். காலையிலிருந்து ஊறுகாய்ப் பாட்டிலை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறார். "என்ன வாடி எழுதித் தள்றே? அதுல நான் இருக்கேனா? காட்டு, காட்டு!"

எழுதிய தாள்கள் மாவு டப்பாவுக்கு அடியில் போய்விட்டன. கையில் இருப்பது வெறும் தாள். அவர் வந்து சேருவதற்குள், பேசி வைத்ததை மாற்றி, புதிதாக ஒன்று.

9

ஜீன் டிபாவ்லோ 1982-ல் பனியில் ஒரு பந்தைப் பிடித்தார். பந்து தாமதமாக வந்தது, உயரமாக வந்தது. அவர் நின்ற இடத்தில் ஒரு தடியன் காவல் இருந்தான். அவன் தலைக்கு மேல் தாவி, விழுந்து, விடாமல் பிடித்தார். அப்படி ஒரு பிடியை இந்த ஊர் அதற்கு முன்னாலும் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

பந்தைப் போட்டவர் அவருடைய மச்சான். ஜீன் எங்கே இருப்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.